வெள்ளவத்தையில் ஒரு முதலுதவிப் பயிற்சி: டெஸ்மண்ட் டாஸிடம் கற்றவை

வெள்ளவத்தையில் தமிழில் நடத்தப்படும் முழுநாள் முதலுதவிப் பயிற்சி ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். காலை அமர்வு முழுவதையும் டெஸ்மண்ட் டாஸ் என்ற அமெரிக்கப் படை மருத்துவ உதவியாளரின் செயல்களைக் கொண்டே பயிற்றுநர் அமைத்திருந்தார். இப்பயிற்சியை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த டாஸ், ஆயுதம் ஏந்த மறுத்தே இரண்டாம் உலகப் போரில் சேவையாற்றினார். 1945 மே மாதம் ஜப்பானின் ஒகினாவாத் தீவிலுள்ள மயேதா செங்குத்துப் பாறையின் உச்சியில் அவரது படையணி கடுந்தாக்குதலுக்கு உள்ளாகிப் பின்வாங்கியபோது, அவர் காயப்பட்டவர்களுடன் மேலேயே தங்கி, ஒவ்வொருவரையும் விளிம்புவரை சுமந்துவந்து கயிற்றின் உதவியால் கீழே இறக்கினார். அவ்வாறு காப்பாற்றப்பட்டோர் ஏறத்தாழ 75 பேர் என்று கூறப்படுகிறது; அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அவருக்கு அதியுயர் படைவிருதை அணிவித்தார். அவர்களை இறக்க அவர் போட்ட, ஒரு காலுக்கு ஒன்றாக இரு கண்ணிகள் அமையும் முடிச்சை எங்கள் கைகளால் போட்டுப் பார்த்தபோதுதான், குண்டுமழைக்கு நடுவே அதைப் பிழையின்றி மீண்டும் மீண்டும் போட எத்தகைய நிதானம் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது.

மே 21 இரவு கைக்குண்டால் கால்களில் காயமுற்ற டாஸ், தம்மைத் தூக்கிச் சென்ற ஸ்ட்ரெச்சரிலிருந்து தாமாகவே இறங்கி, தம்மிலும் மோசமான நிலையில் இருந்தவரை முதலில் கவனிக்கச் சொன்னார். யாரை முதலில் காப்பது என்ற பாடத்தைப் பயிற்றுநர் இவ்விடத்தில் நிறுத்தி விளக்கியது மிகச் சிறப்பு. வலியில் துடிப்பவர் ஒருவர் அந்த முடிவைத் தமக்கே எதிராக எடுத்தார் என்பதைக் கேட்டபின் அப்பாடம் மறக்காது. பின்னர் டாஸின் கையும் முறிந்தபோது, துப்பாக்கியின் கட்டையையே கை அசையாமல் தாங்கும் மட்டையாக வைத்துக் கட்டிக்கொண்டு சுமார் 300 யார் தூரம் ஊர்ந்து சென்றார். நாங்கள் குடையையும் மடித்த பத்திரிகையையும் வைத்து அவ்வாறே கட்டிப் பழகினோம்.

பிற்பகலில் இதயத்துடிப்பு நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தப் பயிற்சியும், 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும்போது சொல்ல வேண்டிய விவரங்களும் இடம்பெற்றன. குருதிப்பெருக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டைக்கு ஒதுக்கிய நேரம் போதாது. பட்டையை மூட்டின்மேல் கட்டாமல் காயத்துக்கு மேலே கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைப்பதை ஒவ்வொருவரும் செய்து பார்த்திருக்க வேண்டும்; பட்டைகளோ குறைவாகவே இருந்தன.

காலி வீதியில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களும் பாடசாலை ஆசிரியர்களும் இதில் அவசியம் சேர வேண்டும். முடிச்சுப் பயிற்சி தரையில் அமர்ந்து நடப்பதால், முழங்கால் வலியுள்ளோர் முன்கூட்டியே சொல்லி நாற்காலி கேட்டுக்கொள்வது நல்லது.