அப்பாவுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்த சென்டர்: 4 ஸ்டார்

மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் ஸ்கேன் சென்டர் இது. அப்பாவின் வயிற்று வலிக்கு, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாக ஏற்றும் மருந்து) போட்டு சி.டி. எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை.

நேரம் கேட்டு போன் செய்தபோதே சிஸ்டர் வரிசையாக விசாரித்தார். கிட்னியில் பிரச்சினை உண்டா, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, முன்பு இந்த மருந்து போட்டு அரிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா. அத்தனையும் அவசியமான கேள்விகள். கான்ட்ராஸ்ட் அயோடின் கலந்த மருந்து. சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் ரொம்பப் பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்திவைத்து, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே தொடரச் சொல்வார்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். இன்சுலின் போடுகிறவர், சர்க்கரை இறங்கிவிடும் என்றதும் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்.

"ஐயா, மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், யூரின் போயிட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்று டெக்னீஷியன் முன்னாடியே சொல்லிவிட்டார். அப்படியேதான் இருந்ததாம். அப்பா பதறாமல், அசையாமல் படுத்திருந்தார். படம் எடுத்தது சில நிமிஷம்தான். அப்புறம் அரை மணி நேரம் உட்காரவைத்து, அதன் பிறகே கையிலிருந்த வென்ஃப்ளானை (மருந்து ஏற்றக் குத்திவைத்த சின்னக் குழாய்) எடுத்தார்கள். கடுமையான அலர்ஜி பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். வண்டி காத்திருக்கிறது என்று அவசரப்படாதீர்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது சம்மதப் படிவத்துக்காக. முழுக்க ஆங்கிலம். உள்ளே போகும் நேரத்தில் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழ் மட்டும் படிக்கிறவர் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? நான் கேட்டதும் சிஸ்டர் பொறுமையாக விளக்கினார், சரி. கேட்க ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து வையுங்கள்.

படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டுத்தான் வாங்கினோம். ரிப்போர்ட்டோடு கிளம்பிவிடாதீர்கள். வேறு டாக்டரிடம் போனால் படங்களையே பார்க்கவேண்டும் என்பார். இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லக்கூடும். வயிற்று சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக நம்மேல் படுவதில் இரண்டு மூன்று வருஷ அளவு. தேவைக்கு எடுக்கத் தயங்கவேண்டாம், டிஸ்க் இல்லாத காரணத்துக்காக இன்னொரு முறை எடுக்கவேண்டாம்.