வெள்ளை ட்ரஃபிளா, கறுப்பு ட்ரஃபிளா, உலர்ந்த போர்ச்சினியா? கொழும்புச் சமையலறைக்கு ஏற்றது எது?

பெருங்காயத்தைப் போலவே, மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான ட்ரஃபிளையும் வயிற்றை நிரப்புவதற்காக எவரும் வாங்குவதில்லை. அதற்குக் கொடுக்கும் விலை முழுவதும் வாசனைக்கான விலையே. ஆகவே அந்த வாசனை கொழும்பு வரை தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இத்தாலியின் பீட்மொண்ட் மாநிலத்தில், அல்பா நகரைச் சூழ்ந்த லாங்கே குன்றுகளில், இலையுதிர் காலத்தில் நாய்கள் மோப்பம் பிடித்துக் காட்டும் இடத்தைக் கிளறி எடுக்கப்படும் வெள்ளை ட்ரஃபிளே இவற்றுள் விலை மிகுந்தது. ஓக், பொப்லார் முதலிய மரங்களின் வேர்களோடு இணைந்து வளரும் அதைப் பயிராக்குவது மிகக் கடினம். கறுப்பு ட்ரஃபிளோ, அதன் வித்திகள் ஏற்றப்பட்ட ஓக் கன்றுகளை நட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தால் விளையக்கூடியது. பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளோடு அவுஸ்திரேலியாவிலும் அதற்குத் தோப்புகள் இருப்பதால், ஆண்டின் நடுப்பகுதியிலும் அது புதிதாகக் கிடைக்கிறது.

வெள்ளை ட்ரஃபிளை அடுப்பில் ஏற்றக்கூடாது. வெண்ணெய் சேர்த்த சூடான பாஸ்தாவின் மேல் பச்சையாகவே சீவிவிட வேண்டும். கடதாசித் துவாலையில் சுற்றி, அதை நாள்தோறும் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும், ஒரு வாரத்துக்குள் மணம் பெரிதும் குறைந்துவிடும். கறுப்பு ட்ரஃபிள் மிதமான சூட்டைத் தாங்குவதோடு, வெண்ணெயிலும் முட்டையிலும் தன் மணத்தை ஏற்றிவிடும். இரண்டுக்குள் ஒன்றுதான் என்றால், இங்கே கறுப்பையே வாங்குவேன்.

ட்ரஃபிள் எண்ணெயை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. பெரும்பாலான போத்தல்களில் மணப்பது ஆய்வுகூடத்தில் தயாரித்த, 2,4-டைதயாபென்டேன் என்ற கந்தகச் சேர்மம். புரியாணியில் ரோஸ் எசன்ஸைக் கவிழ்த்துவிட்டது போலிருக்கும்.

ஐரோப்பியக் காட்டுக் காளானான போர்ச்சினியின் நிலை வேறு. நம் மாசிக் கருவாட்டைப் போல, உலர உலர அதன் சுவை செறிகிறது. காற்றுப்புகாத போத்தலில் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு கைப்பிடியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் நீர் தேயிலைச் சாயம்போல் நிறமேறும். அடியில் மணல் தங்குவதால் அதை மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். சம்பா அரிசி வேகும்போது அந்த நீரை ஊற்றினால், காளானைவிடச் சோறே அதிகம் மணக்கும். என் வாக்கு இதற்கே.

புத்தம் புதிய காட்டு மணமே வேண்டுமென்பவருக்கு, மழை தொடங்கியதும் நம் நாட்டுக் கறையான் புற்றுகளில் முளைக்கும் காளான் இருக்கிறது. கறையான்களே வளர்ப்பதால் அதுவும் தோட்டப் பயிராவதில்லை. பறித்த அன்றே சமைக்க வேண்டும். ஆனால் அதை நன்கறிந்த கிராமத்தவரிடம் மட்டுமே வாங்குங்கள்; தோற்றத்தில் ஒத்த நச்சுக் காளான்களும் உண்டு.