17 வருஷ பழைய காரும் துருவும்: 5 வருஷமா நான் பட்ட பாடு

என் காருக்கு இப்போ 17 வயசு. இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, ஆனா பாடிய பாத்தா பழைய தகர டப்பா மாதிரி ஆயிட்டு இருந்துச்சு. 5 வருஷமா இதோட பெயின்ட்டு, துரு ரெண்டோடயும் மல்லுக்கட்டி, ரெண்டு தடவ நல்லா சொதப்பி, மூணாவது தடவதான் ஓரளவு உருப்படியா வந்துச்சு.

பெயின்ட் கதைய சீக்கிரம் முடிச்சுடுறேன். நேர் வெயில் வாங்குற ரூஃபும் பானட்டும்தான் முதல்ல மங்குச்சு. பாலிஷ் போட்டேன், பளபளன்னு வந்துச்சு, அந்த ருசி புடிச்சுப்போய் மங்கும்போதெல்லாம் போட்டுக்கிட்டே இருந்தேன். கம்பெனி பெயின்ட் மொத்தமே சுமாரா 100ல இருந்து 150 மைக்ரான்தான், (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதுல மேல இருக்குற நிறமில்லாத பாதுகாப்பு லேயர், அதான் கிளியர் கோட், ஒரு 40, 50 மைக்ரான் இருந்தா பெருசு, ஒவ்வொரு பாலிஷும் அதத்தான் கொஞ்சம் கொஞ்சமா சீவி எடுக்குதுன்னு அப்புறம்தான் புத்தில ஏறுச்சு. மூணாவது வருஷம் ரூஃப்ல தேமல் மாதிரி வெள்ளையா திட்டுத்திட்டா வந்து உரிய ஆரம்பிச்சுது. அது மேலயே ஸ்ப்ரே கேன் கிளியர் அடிச்சேன். அடியில இருக்குறதே உரிஞ்சுட்டு இருக்கும்போது மேல எத அடிச்சு என்ன, கொஞ்ச மாசத்துல ரெண்டும் சேந்து உரிஞ்சுது. ரூஃப அப்படியே விட்டுட்டேன். அசிங்கம்தான், ஆனா அடியில பிரைமர் முழுசா இருக்குற வரைக்கும் தகட்டுக்கு ஒன்னும் ஆகாது.

துரு அப்படி இல்ல. பின் வீல் ஆர்ச்ல, அதாவது டயருக்கு மேல வளைஞ்சு நிக்குற தகட்டு ஓரத்துல, சட்டை பட்டன் அளவுக்கு ஒரு கொப்புளம், அவ்வளவுதான் கண்ணுக்கு தெரிஞ்சுது. ஒரு ஒர்க்ஷாப்ல விட்டேன், மேலாக்க தேச்சு, பட்டி வச்சு, பெயின்ட் அடிச்சு புதுசு மாதிரி குடுத்தாங்க. எட்டே மாசம். அதே எடத்துல மூணு மடங்கு பெருசா உப்பிக்கிட்டு வந்துச்சு. நகத்தால நெம்புனா பட்டி அப்படியே மூடி மாதிரி முழுசா கையோட வந்துடுச்சு, அடிப்பக்கம் பூரா ஈரம், பழுப்பா பொடி ஒட்டிக்கிட்டு. பட்டி தண்ணிய உறிஞ்சும், அத துரு மேலயே வச்சா உள்ள ஈரத்துணிய வச்சு மூடுன மாதிரிதான். அதுலயும் வீல் ஆர்ச் ஓரத்துல ரெண்டு தகடு மடிஞ்சு சேருது, அந்த இடுக்குல சேறும் தண்ணியும் தங்கி உள்பக்கமா இருந்துதான் அரிச்சுட்டு வருது. இரும்பு துருவா மாறும்போது பல மடங்கு உப்பும், அந்த உப்பல்தான் பெயின்ட்ட தூக்குது. அதாவது கொப்புளம் வெளிய தெரியுதுன்னா உள்ள வேலை எப்பவோ ஆரம்பிச்சாச்சு.

ரெண்டாவது தடவ நானே இறங்குனேன், துருவ வேற பொருளா மாத்துற ரஸ்ட் கன்வர்ட்டர்ங்குற திரவம் வாங்கி பிரஷ்ஷால தடவுனா பழுப்பு நிறம் கண்ணு முன்னாடியே கருப்பா மாறுச்சு, ஏதோ மந்திரம் போட்ட மாதிரி இருந்துச்சு. செதில் செதிலா நின்ன துருவ சொரண்டாமலே தடவுனது ஒரு தப்பு, அந்த கருப்பு லேயரே பாதுகாப்புன்னு நெனச்சு மேல பெயின்ட் அடிக்காம விட்டது அதவிட பெரிய தப்பு. ஒரு மழைக்காலம் கூட தாங்கல.

மூணாவது தடவ ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு கார சுத்தி குனிஞ்சு குனிஞ்சு அடிப்பக்கம் பூரா தட்டிப் பாத்தேன். டங்குனு சத்தம் வந்தா தகடு இருக்கு. டிரைவர் பக்கத்து கதவுக்கு கீழ தட்டும்போது பொதக்குன்னு உள்ள போயிடுச்சு. அந்த எடத்த வெட்டிட்டு புதுத்தகடு வச்சு வெல்டிங் பண்ணியாச்சு, ஓட்டை விழுந்த எடத்துக்கு வேற வழி கிடையாது. மத்த எடமெல்லாம் கம்பி பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சேன். குழிக்குள்ள மிச்சம் இருந்த துருவுக்கு மட்டும் கன்வர்ட்டர், அதையும் டப்பாவுல போட்டிருந்த மாதிரியே கழுவி நல்லா காயவச்சேன், ஆசிட் மிச்சம் இருந்தா மேல வர்றது ஒட்டாது. அதுக்கு மேல தண்ணி புகாத எபாக்ஸி பிரைமர், பட்டி அதுக்கப்புறம்தான். இந்த வரிசை மாறுனதுதான் முதல் தடவ கோட்டை விட்ட எடம். கடைசில ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே கிளியர நான் தொடல, அதுல மூச்சுக்கு கெடுதலான ஐசோசயனேட் இருக்கு, சாதாரண மாஸ்க் போட்டு வீட்டுல அடிக்கிற சமாச்சாரம் இல்ல, பெயின்டர் கிட்ட விட்டுட்டேன். கலர் கோடு பாத்து கலந்தும் கொஞ்சம் பளிச்னுதான் நிக்குது, பழைய பெயின்ட்தான் மங்கிப்போச்சே.

ஆனா உண்மையிலேயே வித்தியாசம் காட்டுன வேலைக்கு ஒரு கம்பித்துண்டு போதுமா இருந்துச்சு. கதவுக்கு அடியில தண்ணி வடியுறதுக்கு சின்ன ஓட்டைங்க இருக்கும். என் பின் கதவுல ரெண்டும் அடைச்சிருந்துச்சு. கம்பிய விட்டு குத்துனதும் கரு கருன்னு தண்ணி முழங்கை வரைக்கும் ஒழுகுச்சு, கூடவே மக்குன இலை வாடை. எவ்வளவு நாளா உள்ளயே நின்னுச்சோ. இப்போ கார் கழுவும்போதெல்லாம் அந்த ஓட்டைங்கள பாத்துடுறேன், வருஷத்துக்கு ஒருதரம் நீள ட்யூப் விட்டு கதவுக்குள்ளயும் கதவுக்கு கீழ இருக்குற பாடியோட பொள்ளலான பாக்ஸுக்குள்ளயும் கேவிட்டி வாக்ஸ் அடிக்கிறேன், உள்பக்கம் ஒட்டிக்கிட்டு ஈரத்த தடுக்குற மெழுகு. ரெண்டு நாளைக்கு வண்டிக்கு கீழ சொட்டு சொட்டா வழியும், துடைச்சுக்க வேண்டியதுதான்.

இப்போ 26 மாசம் ஆச்சு, வீல் ஆர்ச் அப்படியே இருக்கு. வெல்டிங் பண்ண எடத்துல மட்டும் முடி மாதிரி ஒரு கோடு தெரியுது, விரலால தடவிப் பாத்துக்கிட்டே இருக்கேன். போன வாரம் பின் கண்ணாடிய சுத்தி இருக்குற ரப்பர் பீடிங் ஓரத்துல புதுசா ஒரு சின்ன கொப்புளம் பாத்தேன். கண்ணாடிய கழட்டாம அதுக்கு வைத்தியம் கிடையாது, மழைக்கு முன்னாடி ஆள் பாக்கணும்.