வெங்கனில் ஏழு இரவுகள்: அக்காவின் முழங்காலுக்குக் கிடைத்த மலை

அக்காவுக்கு 62 வயது. ஏற்றம் எவ்வளவு இருந்தாலும் நின்று நின்று ஏறிவிடுவாள். இறக்கம்தான் ஆகாது. அரை மணி நேரம் இறங்கினால் வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆல்ப்ஸ் மலையில் நடக்க வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளும் அவள்தான். அதனால் போன கோடைக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இடம் தேடினேன்: எந்த ஊரில் தங்கினால் இறங்காமலே நடக்கலாம்?

ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மலைக்குடிலில் தங்கி, முதுகில் மூட்டையோடு அடுத்த குடிலுக்கு நடக்கிற திட்டங்களை முதலிலேயே தள்ளிவிட்டேன். அதில் மழை பெய்தாலும் கால் வலித்தாலும் நடந்தே ஆக வேண்டும். ஒரே ஹோட்டலில் தங்கினால், முடியாத நாளில் சும்மா இருக்கலாம். அப்படித் தேடிக் கிடைத்த ஊர்தான் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் மலைப்பகுதியில் இருக்கும் வெங்கன். 1,274 மீட்டர் உயரம். ஊருக்குள் கார் போக முடியாது. கீழே லாட்டர்புருன்னனிலிருந்து பல்சக்கர ரயிலில்தான் வர வேண்டும். அதே ரயில் மேலே கிளைன ஷைடெக் கணவாய் வரை போகிறது. ஊர் நடுவிலிருந்து மென்லிகன் உச்சிக்கு ரோப்கார் வேறு. மேலே போகவும் வண்டி, கீழே வரவும் வண்டி. நடுவில் இருக்கும் சமமான பாதை நமக்கு.

ஹோட்டலைப் பற்றி முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருந்தது. உண்மைதான், கீழே இறங்கி வருவதற்கு. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அக்கா வாயே திறக்கவில்லை; அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பதிவு செய்யும்போதே ஸ்டேஷனுக்கு பேட்டரி வண்டி அனுப்புவார்களா, வழி மேடா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம்.

மற்றபடி அந்த ஹோட்டல் நடப்பவர்களின் மனசு தெரிந்த ஹோட்டல். இரண்டாம் நாள் மழையில் ஷூ ஊறிப்போய் வந்து நின்றோம். வரவேற்பறையில் இருந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பேசாமல் உள்ளே போய் ஒரு கட்டுப் பழைய பேப்பரை எடுத்து வந்தார். ஷூவின் உள்தகட்டை வெளியே உருவி, நாடாவை முழுக்கத் தளர்த்தி, பேப்பரைக் கசக்கி விரல் நுனி வரை திணித்துக் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பேப்பரை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்கச் சொன்னார். ஹீட்டர் மேல் வைக்கக் கூடாதாம், பசை விட்டுப்போகுமாம். கீழே ஷூவுக்கென்றே ஒரு அறை இருந்தது. காலையில் இரண்டு ஜோடியும் உலர்ந்திருந்தன.

முதல் நடை மென்லிகனிலிருந்து கிளைன ஷைடெக் வரை. சுமார் நாலரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மென்லிகன் ரோப்கார் நிலையம் 2,200 மீட்டருக்கு மேல். ஷைடெக் 2,061 மீட்டர். இறக்கம் அவ்வளவு தூரத்துக்குப் பரவியிருப்பதால் முழங்காலுக்குத் தெரியவே இல்லை. அய்கர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் எதிரேயே நிற்கின்றன. முதல் நாள் உடம்பைப் பழக்க இதைவிட நல்ல பாதை கிடையாது என்பேன். அக்கா இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். சரி, யார் துரத்துகிறார்கள்?

இங்கே மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் போடுவதில்லை, நேரம்தான். அது எங்கும் நிற்காமல் நடப்பவருக்கான நேரம். நாங்கள் அதை ஒன்றரை மடங்காக்கிக் கணக்குப் போட்டோம், வாரம் முழுக்க ஏறக்குறையச் சரியாக வந்தது. பலகையின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் அது மலைப்பாதை, கால் உறுதியாக ஊன்ற வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை அதைவிடக் கடினமான பாதை, நமக்கில்லை.

வாரத்திலேயே பெரிய நாள் அய்கர் பாதை. ஷைடெக்கிலிருந்து ரயில் மாறி, 2,320 மீட்டர் உயரத்தில் இருக்கும் அய்கர்கிளெட்சர் ஸ்டேஷனில் இறங்கி, அய்கர் வடக்குச் சுவரின் அடியோரமாகவே நடந்து 1,616 மீட்டரில் அல்பிக்லென் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். 700 மீட்டர் இறக்கம். அக்காவால் முடியாது என்று இருவருக்கும் தெரியும். “நீ போ. நான் ரயில்ல போய் அல்பிக்லென்ல உட்கார்ந்திருக்கேன். அவசரப்படாத” என்றாள். தனியாகத்தான் நடந்தேன். இடப்பக்கம் பசும்புல், மாட்டு மணிச் சத்தம். வலப்பக்கம் தலைக்கு மேல் 1,800 மீட்டர் கறுப்புப் பாறை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, உச்சி கண்ணுக்கு எட்டவில்லை. 1938-ல் நான்கு பேர் சேர்ந்துதான் இந்தச் சுவரை முதன்முதலில் ஏறி முடித்தார்கள். மேலே எங்கோ ஒரு கல் உருளும் ஓசை கேட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன்.

அல்பிக்லென் வந்தபோது அக்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்து உணவகத்தின் வெளி மேசையில், ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து மேலே என்னைத் தேடிக்கொண்டே இருந்தாளாம். “சிவப்பா ஒரு புள்ளி நகர்ந்தது. நீதான்னு நினைச்சுக்கிட்டேன்” என்றாள். நான் போட்டிருந்தது நீலச் சட்டை. அவளிடம் சொல்லவில்லை.

முர்ரன் என்ற ஊருக்கு நடந்தபோதும், முடிந்தவரை நடை, முடியாவிட்டால் ரயில் என்ற இதே உத்தி உதவியது. லாட்டர்புருன்னனிலிருந்து குருட்ஷால்ப் வரை கேபிள் கார். அங்கிருந்து காட்டோரமாக ஏறக்குறையச் சமமான பாதை. பக்கத்திலேயே சின்ன ரயில் ஓடுகிறது. நடுவே வின்டெரெக்கில் நிற்கும், முடியாதவர் ஏறிக்கொள்ளலாம். அக்கா ஏறவில்லை, முழுசும் நடந்தாள். ஏறலாம் என்ற தைரியம் இருந்ததே போதும்.

மழை நாளுக்கு ட்ரும்மெல்பாக் அருவியை ஒதுக்கி வைத்திருந்தோம். பாறைக்குள்ளேயே பத்து அடுக்காக விழும் பனியாற்று நீர். உள்ளே லிஃப்ட் உண்டு. வெயில் நாளை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

திட்டம் போடுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம். ஜூனில் உயரமான பாதைகளில் பனி மிச்சமிருக்கும், சிலவற்றைத் திறந்திருக்கவே மாட்டார்கள். நாங்கள் போனது ஜூலை. நிழலில் அப்போதும் பனித்திட்டு கிடந்தது. கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வருவது சகஜம். அதனால் காலையிலேயே கிளம்புங்கள். எழுந்ததும் ஹோட்டல் டிவியைப் போடுங்கள். மலையுச்சி கேமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சேனல் இருந்தால், எங்கே மேகம், எங்கே வெயில் என்று அதிலேயே தெரிந்துவிடும். கடைசி ரோப்கார் எத்தனை மணிக்கு என்பதைக் கையில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். அதைத் தவறவிட்டால் முழங்கால்தான் பதில் சொல்ல வேண்டும். தினமும் வண்டி ஏறி இறங்குவதால் பல நாளுக்குச் சேர்த்து வாங்கும் யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அய்கர்கிளெட்சருக்கு மேலே யுங்ஃப்ராவ்யோக் ஸ்டேஷன் வரை போக அது போதாது, தனி டிக்கெட். நாங்கள் போகவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டோடு அறை எடுக்கலாமா என்றால், எடுங்கள். கால் ஓய்ந்து வந்தபின் மேட்டில் ஏறி இறங்கி உணவகம் தேட முடியாது. சைவம் என்றால் முன்னதாகவே எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

கிளம்புகிற அன்று அந்த வரவேற்பறை அம்மாவிடம் அடுத்த வருஷம் ஜூலையில் கீழ்த்தளத்தில் அறை இருக்குமா என்று அக்காதான் கேட்டாள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.