எடை பார்க்காமலே காசநோய் மருந்து கொடுத்தார்கள்: ஓர் எச்சரிக்கை

விடாத இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்று வீட்டில் யாரையாவது தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியை எடைக்கருவியில் ஏற்றி நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். ஸ்கேன் அறை எத்தனை நவீனமானது என்பதெல்லாம் பிறகு.

என் சித்தப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும், கண்ணாடி முகப்பு வைத்த அந்த மருத்துவமனைக்குச் சித்தியும் நானும் அவரை அழைத்துப் போனோம். வரவேற்பில் கேட்ட கேள்விகள் இரண்டு: காப்பீட்டு அட்டை இருக்கிறதா, முன்பணம் எவ்வளவு கட்டுகிறீர்கள். அதன் பிறகு மார்பு ஸ்கேன், ‘டிபி கோல்டு’ என்ற ரத்தப் பரிசோதனை, இன்னும் பெயர் புரியாத நான்கைந்து பரிசோதனைகள். சளியை மட்டும் கேட்கவே இல்லை. அந்த ரத்தப் பரிசோதனை கிருமி உடலுக்குள் எப்போதாவது புகுந்திருக்கிறதா என்றுதான் காட்டும். இப்போது நோயாக இருக்கிறதா, உறங்கிக் கிடக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. சளியை மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்பினால் நோயும் தெரியும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் தெரியும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். இவையெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தன.

செவிலியர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே “எடை எவ்வளவு ஐயா?” என்று கேட்டார். சித்தப்பா “ஐம்பத்தைந்து இருக்கும்மா” என்றார். அது அவர் நன்றாக இருந்த காலத்து எடை. சட்டைக்குள் ஆளே இல்லாதது போல் நின்றவரைப் பார்த்தபடியே 55 என்று எழுதிக்கொண்டார்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். காசநோய்க்கான கூட்டு மாத்திரையை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 35 முதல் 49 கிலோ வரை நாளொன்றுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. சித்தப்பாவுக்கு நான்கு எழுதினார்கள். உண்மையில் அவர் எடை 37. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளைத் தேவைக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தார். வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளானது. திரும்பப் போனோம். மறுபடி ஆலோசனைக் கட்டணம், வாந்திக்கு ஒரு மாத்திரை, கல்லீரலுக்கு ஒரு டானிக். ரத்தத்தில் கல்லீரல் நிலையைப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை, அத்தனை பரிசோதனை எழுதியவர்களுக்கு அன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அவரைக் காப்பாற்றியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சித்திக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அம்மா. திண்ணையில் படுத்திருந்தவரைப் பார்த்ததும், “இவரை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள்” என்றார்.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பழைய எடைக்கருவியும்தான். எடை, உயரம், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று வரிசையாகப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ சொல்லும் முறை இது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழ், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், மூச்சு 24-க்கு மேல், நிற்க இயலாமை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஆபத்தான நிலை; உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். சித்தப்பாவின் பி.எம்.ஐ. 14-ஐத் தொடவில்லை, ஆக்சிஜன் 93. அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மருந்தை நிறுத்தி, கல்லீரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எச்.ஐ.வி., சர்க்கரை இரண்டும் பார்த்தார்கள். நல்லவேளை, இரண்டும் இல்லை.

பிறகு கேள்விகள். குடிப்பீர்களா, பீடி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள், வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், கூட யார் யார் இருக்கிறார்கள். நான்கு வயதுப் பேத்தி இருக்கிறாள் என்று சித்தி சொன்னதும் அவளையும் அழைத்து வரச் சொல்லி, நோய் இல்லை என்று உறுதிசெய்து தடுப்பு மருந்து தொடங்கினார்கள். அந்தக் குழந்தை ஒரே அறையில் அவரோடுதான் படுத்திருந்தாள். பணம் வாங்கிய இடத்தில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. சித்தப்பாவின் பெயர் காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் பதிவில் இல்லை. காசநோயாளியைக் கண்டறிந்தால் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 2018 முதல் தண்டனைக்கும் இடம் உண்டு. பதிவு செய்திருந்தால் தனியாரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் (2024 நவம்பருக்கு முன்பு 500) வங்கிக் கணக்குக்கு வரும், மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். நாங்களோ மாத்திரைக்கும் கடன் வாங்கினோம். அரசுத் தரப்பில் எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆயிரம் வந்து சேர வெகுநாள் ஆனது. வார்டில் மின்விசிறி சுற்றியதை விடச் சத்தம் போட்டதுதான் அதிகம்.

கோப்பின் நகலைக் கேட்டு அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாள் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று அதில் இருந்தது. ‘உணவு: போதுமானது. வீட்டில் ஆதரவு: உண்டு. பொருளாதார நெருக்கடி: இல்லை.’ ஒரே பேனாவில், ஒரே வேகத்தில் போட்ட டிக் குறிகள். இவற்றில் ஒன்றையும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மேலாளரிடம் காட்டினேன். “எடைகூட எழுதியிருக்கிறதே சார்” என்றார்.

மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்டத்தில் தனியார் மருத்துவமனைகளுக்குப் பதிவு கொடுப்பதும் கண்காணிப்பதும் அவர்கள்தான். பதில் இன்னும் வரவில்லை.

இப்போதே தனியாரிடம் சிகிச்சையில் இருப்பவர்கள் நிக்‌ஷய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்காமல் இழுத்தடித்தால் 1800116666 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். ஸ்கேன் படம், ரசீதுகள், முதல் நாள் படிவம் எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். படிவத்தில் நீங்கள் சொல்லாத பதில் இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.