5½ கட்டைக்குக் கேப்போவா, பார் கார்டா?

சென்னை மெல்லிசைக் குழு ஒன்றின் ஒத்திகையில் பாடகி தன் சுருதியை "5½ கட்டை" என்று சொன்னால், 1 கட்டை சி, 5 கட்டை ஜி என்ற கணக்குப்படி கிட்டார் வாசிப்பவர் ஜி-க்கு அரைச் சுரம் மேலே உள்ள ஜி ஷார்ப்புக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் பழகும் சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஓப்பன் கார்டுகளில், அதாவது சில தந்திகளை அழுத்தாமல் திறந்தே விட்டுப் பல சுரங்களைச் சேர்ந்து ஒலிக்கச் செய்யும் விரல் வடிவங்களில், அது இல்லை. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் அரைச் சுரத்துக்கு ஒன்றாக அமைந்த கட்டம்) எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவை மாட்டி ஜி வடிவத்தைப் பிடிக்கலாம். அல்லது ஈ வடிவத்தை 4-ஆம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரலையே குறுக்கே கிடத்தி எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டாகப் பிடிக்கலாம்.

இரண்டிலும் ஒலிப்பவை ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களே. ஷட்ஜத்திலிருந்து 4 ஃப்ரெட் தள்ளிக் காந்தாரமும், அங்கிருந்து 3 ஃப்ரெட் தள்ளிப் பஞ்சமமும் அமைந்தால் மேஜர் கார்டு. சங்கராபரணத்தின் காந்தாரத்தைக் கரகரப்பிரியாவின் காந்தாரமாக ஒரு ஃப்ரெட் இறக்கினால் அதுவே மைனர்.

இந்த அமைப்பைக் கண்ணால் காட்டுவதில் பார் கார்டுக்கு ஈடில்லை. ஈ வடிவத்தில் தடித்த தந்தியிலிருந்து ச, ப, ச, க, ப, ச என்று ஆறு சுரங்கள் வரிசையாக நிற்கின்றன. காந்தாரம் (மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால்) மூன்றாம் தந்தியில் மட்டுமே இருப்பதால், அதை அழுத்தும் நடுவிரலை எடுத்த மாத்திரத்தில் மேஜர் மைனராகிறது. ஓப்பன் ஜி வடிவத்திலோ காந்தாரம் இரண்டு இடங்களில் வருகிறது. அவற்றில் ஒன்று விரலே படாத இரண்டாம் தந்தி. விரல் படாத சுரத்தை எப்படி இறக்குவது? கேப்போ மாட்டினாலும் இந்தச் சிக்கல் அப்படியே தொடரும். கார்டை விரல் வடிவமாக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

நாதத்தில் கேப்போவே மேல். திறந்த தந்திகள் நீண்டு ஒலிக்கும், கையும் களைப்பதில்லை. வியர்வை வழியும் மே மாதத்து மொட்டைமாடி ஒத்திகையில் இது சிறிய சலுகை அன்று. ஆனால் பாட்டின் நடுவே சுருதி 6 கட்டைக்கு ஏறினால் பார் கார்டுக்காரர் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும். கேப்போக்காரர் பாட்டை நிறுத்தியா அதைக் கழற்றி மாட்டுவார்?

எனவே மேடைக்குக் கேப்போவை வைத்துக்கொண்டாலும், கற்பதற்குப் பார் கார்டையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் ஃப்ரெட்டில் எஃப் பிடிக்கச் சொல்லித் தொடங்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டையான நட்டுக்கு அருகில் தந்தியை அழுத்துவது கடினம். 5-ஆம் ஃப்ரெட்டில் அதே வடிவத்தை ஏ கார்டாகப் பிடித்து, ஆறு தந்திகளும் தெளிவாக ஒலித்த பிறகு ஒரு ஃப்ரெட் இறங்கினால், பாடகி கேட்ட 5½ கட்டை கையில் இருக்கும்.