பழைய லொகேஷன்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஓஸ்மோ பாக்கெட் 3 போதுமா?

பழைய படங்கள் எடுக்கப்பட்ட இடங்களையும் கோட்டை, அரண்மனை, இடிந்த ஊர் ஆகியவற்றையும் தேடிப் போய் வீடியோவாகப் பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு வகையான காட்சிகள் தேவைப்படுகின்றன. நடந்துகொண்டே இடத்தைக் காட்டிப் பேசுவது ஒன்று. படத்தில் வந்த அதே கோணத்தில் நின்று, அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டுவது மற்றொன்று. டிஜேஐ நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட ஓஸ்மோ பாக்கெட் 3 கேமராவை இந்த இரண்டு வேலைகளுக்காக மட்டுமே இங்கே எடை போடுகிறேன். கல்யாண வீடு, சமையல் வீடியோ, குழந்தையின் பிறந்தநாள் ஆகியவற்றுக்கு இது எப்படி என்பது வேறு கணக்கு. முதல் வேலைக்கு இதைவிட வசதியான கருவியை நான் கையாண்டதில்லை. இரண்டாவது வேலைக்கு இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

அடிப்படை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1 அங்குல சென்சார், வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2.0 துளை, முழு ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கணக்கில் 20 மி.மீ.க்குச் சமமான ஒரே அகன்ற லென்ஸ், கை ஆட்டத்தை மூன்று அச்சுகளிலும் சரிசெய்யும் ஜிம்பல், திருப்பினால் கேமரா தானாக இயங்கத் தொடங்கும் 2 அங்குலத் திரை, 179 கிராம் எடை. 4கே தரத்தில் வினாடிக்கு 60 ஃபிரேம் வரையிலும், ஸ்லோமோஷனில் 120 வரையிலும் பதிவாகும். பேட்டரி 1080பி தரத்தில் 24 ஃபிரேமில் 166 நிமிடம் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. 4கே எடுக்கும்போது அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேகமான சார்ஜரில் 16 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறிவிடுவதால், சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மறுபடியும் தயாராகிவிடும்.

நடந்து காட்டும் வேலைக்குச் செஞ்சிக் கோட்டையை விடச் சரியான பரீட்சை கிடையாது. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கூட்டம் கூடியிருக்கிறது என்றாலும், அங்குள்ள ராஜகிரி மலையின் படிகள் என்னவோ அதே படிகள்தாம்: உயரம் ஒன்றுபோல் இல்லாத, தேய்ந்து வழவழத்த, மூச்சு வாங்க வைக்கிற படிகள். மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு இதில் ஏறினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். பாக்கெட் 3இன் ஜிம்பல் இந்தக் குலுக்கலில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மேலும் கீழுமான ஆட்டம் சற்று மிஞ்சும்; முழங்காலை லேசாக மடக்கி நடந்தால் அதுவும் அடங்கும். 'டில்ட் லாக்' என்ற முறையில் வைத்துவிட்டால், நாம் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கேமரா அடிவானத்தை விடாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். படியேறும்போது தரையையும் வானத்தையும் மாறி மாறிக் காட்டும் தொல்லை இதனால் ஒழிகிறது. இன்னொரு விஷயம், மணிக்கட்டுக் கயிற்றை மறக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். செஞ்சிக் குரங்குகளுக்குக் கையில் மின்னும் எந்தப் பொருளும் தின்பண்டமாகத்தான் தெரியும்.

முக்காலி வேண்டியிராதது இன்னொரு பெரிய ஆதாயம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பெரும்பாலான நினைவுச்சின்னங்களில் படம் எடுக்க இருந்த தடை 2018 ஜூலையில் விலக்கப்பட்டது. ஆனால் முக்காலியை விரித்து வைத்தால் காவலர் வந்து அனுமதிக் கடிதம் கேட்பார். கேட்பது அவர் கடமையும்கூட. உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியைப் பார்த்து யாரும் அதைச் 'ஷூட்டிங்' என்று நினைப்பதில்லை.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் 20 மி.மீ. லென்ஸ் தன் முழுப் பலத்தையும் காட்டுகிறது. 1636இல் கட்டப்பட்ட இந்த அரண்மனையில்தான் 'பம்பாய்' (1995) படத்தின் 'கண்ணாளனே' பாடல் எடுக்கப்பட்டது என்பது தெரிந்ததுதான். அதன் சொர்க்க விலாச மண்டபத்தின் தூண்களுக்கு முன்னால் நின்றால் பின்னுக்கு நகர இடம் இருக்காது. சாதாரண மொபைல் லென்ஸில் தூண் பாதி வரைதான் தெரியும். அகன்ற லென்ஸில் அடித்தளமும் மேல்வளைவும் ஒருங்கே வந்துவிடுகின்றன. கைப்பிடியில் உள்ள சிறு ஜாய்ஸ்டிக்கை மிக மெதுவாகத் தள்ளித் தூணின் அடியிலிருந்து விதானம் வரை ஏற்றினால் கிரேனில் எடுத்தது போன்ற காட்சி கிடைக்கிறது. கேமராவை அண்ணாந்து வைக்கும்போது தூண்கள் உள்நோக்கிச் சாய்வதுபோல் தெரியும் என்பதால், உச்சியில் காட்சியை நீட்டிக்காமல் வெட்டிவிடுவது நல்லது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்திலும் பெரிய சென்சார் நிழல்களை அழுக்காக்காமல் எடுக்கிறது.

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். இதற்கு ராமநகரத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரிலிருந்து மைசூரு சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள ராமதேவர பெட்டா பாறைக்குன்றுகளுக்கு அடியில்தான் 'ஷோலே' (1975) படத்தின் ராம்கட் கிராமம் செட்டாகப் போடப்பட்டது. படப்பிடிப்புக்காக நெடுஞ்சாலையிலிருந்து தனியாகப் பாதை அமைத்தார்கள். ஊரின் ஒரு பகுதிக்கு இயக்குநரின் பெயரால் சிப்பி நகர் என்ற பெயரும் சில காலம் வழங்கியது. இன்று அந்தக் கிராமத்தின் ஒரு சுவர்கூடக் கிடையாது. இருப்பவை பாறைகள் மட்டுமே. ஆகவே எந்த ஷாட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதற்குப் பாறைகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி இதுதான். படத்தில் அருகில் உள்ள ஒரு பாறையின் விளிம்பையும், தொலைவில் உள்ள குன்றின் விளிம்பையும் தேர்ந்தெடுத்து, ஒன்று மற்றொன்றை எந்த இடத்தில் மறைக்கிறது என்று பார்க்க வேண்டும். இடவலமாக நகர்ந்தால் இவ்விரண்டும் விலகவோ நெருங்கவோ செய்யும்; முன்பின்னாக நகர்ந்தால் அருகிலுள்ள பாறை மட்டும் குன்றோடு ஒப்பிடும்போது பெருக்கவோ சிறுக்கவோ செய்யும். இரண்டும் படத்தோடு பொருந்தும் புள்ளியில்தான் கேமரா நின்றிருக்கிறது. லென்ஸ் எதுவாக இருந்தாலும் இந்தப் பொருத்தம் மாறாது. எவ்வளவு பரப்பு ஃபிரேமுக்குள் வருகிறது என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது. வீடியோக்களில் பலர் "ஏறக்குறைய இங்கேதான்" என்று கையைச் சுற்றிக் காட்டிவிட்டு நகர்வதற்குக் காரணம், இந்தப் பொறுமை இல்லாததுதான்.

புள்ளியைக் கண்டுபிடித்த பிறகுதான் பாக்கெட் 3இன் எல்லை தெரிகிறது. 35 மி.மீ. திரைப்படச் சுருளில் மிகச் சாதாரணமாகப் பயன்பட்ட 50 மி.மீ. லென்ஸ், இன்றைய முழு ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 80 மி.மீ.க்குச் சமம். அப்படி எடுத்த ஷாட்டில் திரையை நிறைத்து நிற்கும் குன்று, 20 மி.மீ. லென்ஸில் அதே இடத்திலிருந்து பார்த்தால் கால் பங்கு அகலத்துக்குச் சுருங்கிவிடும். அந்தக் கால் பங்கை வெட்டிப் பெரிதாக்கலாம் என்றால், 4கே ஃபிரேமின் 3840 பிக்சல் அகலத்தில் 960 பிக்சல்தான் மிஞ்சும். கேமராவிலேயே உள்ள டிஜிட்டல் ஜூம் 4கே தரத்தில் 2 மடங்கு, 1080பி தரத்தில் 4 மடங்கு. அதுவும் இதே வெட்டுதான். முன்னால் நடந்து போய்க் குன்றைப் பெரிதாக்கலாம் என்று நினைத்தால், கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த பொருத்தம் அந்த நிமிடமே கலைந்துவிடும். நடந்து பேசுவதற்கென்று அகன்ற லென்ஸோடு வடிவமைத்த கருவி இது என்பதால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய இயல்பு.

இந்த வேலைக்கு, தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 3 மடங்கு டெலி லென்ஸ் உள்ள மொபைல் போன் ஒன்றே போதும். பழைய ஃபிரேமை ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், போன் திரையின் அளவுக்குச் சரியாக அச்சடித்து, திரைமேல் செல்லோ டேப்பால் ஒட்டிக்கொள்கிறேன். பின்னால் நேரடிக் காட்சி ஓட, மேலே பழைய பாறைகளின் கோடுகள் மெல்லியதாகத் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நகர வேண்டியதுதான். ஷீட் ஒட்டியிருக்கும்போது தொடுதிரை அடம்பிடிப்பதால், வால்யூம் பட்டனைக் கொண்டு பதிவு செய்வது எளிது. இதே ஷீட்டைப் பாக்கெட் 3இன் 2 அங்குலத் திரையில் ஒட்டினால் நண்பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது. டிஜேஐயின் 'மைமோ' செயலியின் மூலம் அதன் காட்சியைப் போனில் வரவழைக்கலாம் என்றாலும், போனைக் கையில் எடுத்த பிறகு அந்தப் போனிலேயே எடுத்துவிடுவதுதானே நியாயம்.

ஃபிரேமின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். 'ஷோலே' 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டு 70 மி.மீ.க்குப் பெரிதாக்கப்பட்ட படம்; கறுப்பு வெள்ளைக் காலத் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சதுரத்துக்கு நெருங்கியவை. 16:9இல் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவது என்று முடிவு செய்தால், மேலும் கீழும் போதிய இடம் விட்டு எடுக்க வேண்டும். நிழல் விழும் திசையிலிருந்து அந்த ஷாட் காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்பதையும் ஓரளவு கணித்துவிடலாம்.

முகத்தைத் தொடரும் வசதியைப் பலரும் புகழ்கிறார்கள். பேசுபவரின் முகத்தை நடுவிலேயே வைத்திருப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. லொகேஷன் வீடியோவில் அதுவே இடைஞ்சலாகிவிடுகிறது. "அதோ பாருங்கள்" என்று நாம் கை நீட்டி ஒரு பக்கம் சாயும்போது கேமராவும் நம்மோடு சாய்வதால், காட்ட வந்த பாறை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். அத்தகைய இடங்களில் அந்த வசதியை அணைத்துவிட்டு இடத்தை நிலையாக வைப்பதே நல்லது. பார்க்க வந்தவர்கள் நம் முகத்தைப் பார்க்க வரவில்லை.

ஒலியைப் பொறுத்தவரை உள்ளே மூன்று மைக்குகள் இருக்கின்றன. செஞ்சியின் மண்டபங்களுக்கு அவையே போதும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்தின் முன் நின்று பேச வேண்டுமானால் கதை வேறு. இரு பக்கமும் கடல் இருக்க, காற்று ஓயாமல் அடிக்கும் அந்த மணல் திட்டில், பஞ்சுறை போட்ட சட்டை மைக் இல்லாமல் எடுத்த எதையும் வெளியிட முடியாது. டிஜேஐ மைக் 2 என்ற கம்பியில்லா மைக் நேரடியாக இதனோடு இணைந்துகொள்கிறது. மழைக்கும் தூசிக்கும் எதிரான பாதுகாப்புத் தரம் எதுவும் இந்தக் கேமராவுக்கு இல்லை என்பதையும் அங்கே மறக்கக் கூடாது. பறக்கும் மணலில் ஜிம்பல் தலையைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. ஷாட் முடிந்ததும் உறையில் போட வேண்டும்.

வெயிலும் ஒரு விஷயம். இயங்கு வெப்பநிலைக்கு நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 40 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பாறைக்குன்றுகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். துளை மாற்ற முடியாத எஃப் 2.0 லென்ஸ் என்பதால், நண்பகலில் ஷட்டர் வேகம் ஏறி நடை வெட்டு வெட்டாகத் தெரியும். வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு வினாடிக்கு இறக்க, வெளிச்சத்தைக் குறைக்கும், காந்தத்தில் ஒட்டும் என்டி ஃபில்டர்கள் கட்டாயம் தேவை.

எந்தக் கேமராவாலும் தீராத ஒரு தொல்லையும் இந்தப் பொழுதுபோக்கில் உண்டு. தேடிப் போகும் இடம் உண்மையில் அந்த இடம்தானா என்பது. முதல் தமிழ் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' (1973) பெரிய கோயிலில் எடுக்க அனுமதி கிடைக்காமல் சென்னையில் செட் போட்டு எடுக்கப்பட்டது. 'ஷோலே' படத்தின் ரயில் கொள்ளைக் காட்சி ராமநகரத்தில் எடுத்ததன்று, பன்வேல் அருகே பம்பாய்–புனே ரயில் பாதையில் எடுத்தது. கொடைக்கானல் குணா குகையில் வேலிக்கு வெளியே இருந்து பார்க்க மட்டுமே முடியும், 20 மி.மீ. லென்ஸில் அங்கே மரவேர்களும் கூட்டத்தின் தலைகளும்தான் வரும். அதற்காக வேலியைத் தாண்ட நினைக்கிறவர்களுக்கு, அது ஆட்களை விழுங்கிய பள்ளம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ராமதேவர பெட்டாவும் 2012 முதல் பாறு கழுகுகளின் சரணாலயம் என்பதால், மேலே ட்ரோன் பறக்கவிடும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

யார் வாங்கலாம் என்றால், வாரம்தோறும் நடந்து பேசி வீடியோ போடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அன்றும் இன்றும் ஒப்பீடு மட்டுமே செய்கிறவர்களுக்கு இது வீண் செலவு; அந்தப் பணத்தில் நல்ல டெலி லென்ஸ் உள்ள மொபைலுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டும் செய்கிறவர்கள், கேமராவோடு துணைக்கருவிகளும் சேர்ந்து வரும் கிரியேட்டர் காம்போவை எடுப்பது நல்லது. அதில் மைக், அதன் பஞ்சுறை, பேட்டரிக் கைப்பிடி மூன்றும் வந்துவிடுகின்றன. என்டி ஃபில்டர்களைத் தனியாக வாங்க வேண்டும். கூடவே தரும் அகலக்கோண லென்ஸ் நம் வேலைக்கு எதிர்த்திசையில் போகிற பொருள், அது பெட்டியிலேயே இருக்கட்டும். பில் போடும் முன் இந்தியாவில் வாரண்டியை யார் ஏற்கிறார்கள் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.